முதலாளி வீட்டு வாசலில் முப்பத்திரண்டு ஜோடி

பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவது பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அனுமதிக் கடிதம் எழுதுவது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, பேருந்து பிடிப்பது இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு அலுவலகத்தில் ஒரு தடித்த கோப்பு இருக்கிறது, தூசி தட்டிப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது ஒரு தப்பையும், அதைச் சரிசெய்யப் போய் நான் செய்த இன்னொரு தப்பையும் பற்றி. இரண்டாவது தப்பு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் முதலாவது கடைசிவரை சரியாகியிருக்காது. புதிதாகத் தமிழாசிரியர் ஆகியிருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, தப்பு செய்யலாம் என்று டீச்சர் எழுதிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணம் பண்ணிக்கொண்டு மொரீஷியஸ் வந்தவள். பாம்பூவில் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். என் வீட்டுக்காரர் அதைக் "கப்பலில் வந்த மிளகாய்" என்பார். அவர் இந்த ஊரிலேயே நாலு தலைமுறை. கோபம் வந்தாலும் முதலில் ஒரு டீ குடிப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திரும்பின பக்கமெல்லாம் ஸ்வெட்டர் தொழிற்சாலை, கடல் தெரிகிற பக்கமெல்லாம் ஓட்டல். என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் கரும்பு வெட்டுவதை விட்டுவிட்டு, விடிகாலையில் தொழிற்சாலை வேனில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெல் ஒம்ப்ர் போகிற சாலையில், கரும்புக்கு நடுவே, பழைய தோட்ட முதலாளி ஒருவரின் பெரிய மர வீட்டை அப்போதுதான் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகத்தான். வாரத்தில் ஒரு காலைப் பொழுது பள்ளிக்கூடங்களுக்கும் உண்டு என்று ஒரு கடிதம் வந்தது.

எங்கள் தலைமையாசிரியருக்குக் கடிதம் என்றாலே காய்ச்சல் வரும். கழுத்து டையைச் சரிசெய்துகொண்டே படித்தார். "உங்க தமிழ் வகுப்பைக் கூட்டிட்டுப் போங்க மிஸ். ஆனா இன்னொரு கடிதம் வராம பாத்துக்கோங்க" என்றார். அவர் சொன்னதும், இனி நான் எழுதப்போகும் பேச்செல்லாமும் இந்த ஊர்ப் பேச்சான கிரியோலில் நடந்தவை. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். பிள்ளைகளும் வீட்டில் கிரியோல்தான். அவர்களிடம் இருந்த தமிழ், சாமி, கோவில், கற்பூரம், காவடி, விபூதி, அத்தை, மாமா, இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முப்பத்திரண்டு பிள்ளைகளோடு போய் இறங்கினோம். வீட்டைச் சுற்றிலும் வெராந்தா. உள்ளே மரத் தரை, மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல மின்னியது. வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"சவாத் போட்டவங்க உள்ள போகக் கூடாது. ஷூ மட்டும்தான். மேடம் உத்தரவு."

சவாத் என்றால் ரப்பர் செருப்பு. கடிதத்தில் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்களாம், நான் படிக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பிள்ளைகள் சவாத். இருபத்திநாலு பேர் ஷூ. எட்டுப் பேருக்காக இருபத்திநாலு பேரைத் திருப்பி அழைத்துப் போவதா? எட்டுப் பேரையும் வெராந்தாவில் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு பிஸ்கெட் கொடுத்து, பேருந்து ஓட்டுநரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இந்த மாதிரி வேலையில் கணக்கு ரொம்பச் சரியாக வந்தால் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உள்ளே போன இருபத்திநாலும் சும்மா இருக்கவில்லை. மாடிப்படியில் கயிறு கட்டியிருந்ததால் மேலே போக முடியவில்லை, அந்தக் கோபத்தைக் கீழே காட்டினார்கள். குமரேன் என்று ஒரு பையன், வகுப்பில் அவன் குரல்தான் முதலில் கேட்கும், சுவரில் மாட்டியிருந்த வேட்டைக் கொம்பை எடுத்து ஊதியே விட்டான். மேடம் ஓடி வந்தார். அந்த வீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட அம்மாள் அவர். ஒல்லியாக, நிமிர்ந்து நடப்பார். கொம்பு போனால்கூடப் பரவாயில்லை, ஓடி வந்த வேகத்தில் அவர் கண் போனது தரைக்குத்தான். தரையில் கீறல் விழுந்ததா என்று குனிந்து பார்த்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் உள்ளே போனவர்கள் வெளியே இருந்தவர்களுக்கு அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் இவ்வளவு உயரம், சாப்பாட்டு மேஜையில் நாற்பது பேர் உட்காரலாம் என்று. அப்போது தேவானி வாயைத் திறந்தாள். தெய்வானைதான், பிறப்புப் பதிவு செய்த குமாஸ்தா சுருக்கிவிட்டார். பத்து வயசு. வகுப்பில் கேட்டால் ஒழியப் பேச மாட்டாள். வெராந்தாவில் உட்கார்ந்த எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி.

"அந்த மேஜைக்குக் கீழ கம்பளம் இருக்குல்ல? அதுக்கு அடியில தரையில இஸ்திரிப் பெட்டி மாதிரியே ஒரு கருப்பு இருக்கு. எங்க அம்மா பண்ணினது" என்றாள்.

உடனே குமரேன் கத்தினான். "மாந்தேர்!"

பொய்க்காரி என்று அர்த்தம். பேருந்து முழுக்க அதைப் பாட்டாகவே பாட ஆரம்பித்துவிட்டது. உள்ளேயே போகாதவள், கம்பளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறாளாம். பாட்டை நிறுத்த வேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி, டீச்சர் குரலில், "தேவானி, பார்க்காததைப் பத்திப் பேசக் கூடாது" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அப்போதே புத்தி வந்திருக்கும்.

பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கினதும் ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டார். பெரிய உடம்புக்காரர், எந்நேரமும் ரேடியோவில் இந்தத் தீவின் சேகா பாட்டு வைத்துத் தாளம் போடுகிறவர். அன்று ரேடியோவை அணைத்துவிட்டுப் பேசினார்.

"மிஸ், அடுத்த தடவை நான் உள்ள போறேன். நீங்க வெளிய உக்காருங்க."

"ஏன்? பிள்ளைங்க தொல்லை பண்ணாங்களா?"

"ஒண்ணும் பண்ணல. அந்தப் பொண்ணு என்னை வெராந்தாவைச் சுத்திக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு ஜன்னலா காட்டிச்சு. இது இன்ன ரூம், அது இன்ன ரூம்னு. ஒண்ணு தப்பில்ல. நீங்க உள்ள பார்த்ததைவிட நான் வெளிய நிறையப் பார்த்தேன்."

பிள்ளைகள் வேலையில் எனக்கு யார் பாடம் சொல்லித் தந்தது என்று கேட்டால், பயிற்சிக் கல்லூரியை விட்டுவிட்டு இந்த மனிதரைத்தான் சொல்வேன்.

அன்று சாயங்காலமே தொழிற்சாலை வேன் வந்து நிற்கிற இடத்தில் போய் நின்றேன். தேவானியின் அம்மா இறங்கினார். தலைமுடியில் பச்சை நூல், சிவப்பு நூல் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஆமா மிஸ், நான்தான்" என்றார். "முதலாளி குடியிருந்தப்போ அந்த வீட்டுத் தரை முழுக்க நான்தான் தேய்ப்பேன். இவளையும் கூட்டிட்டுப் போவேன், விட்டுட்டுப் போக ஆளில்ல. ஒரு நாள் கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டுப் போறப்ப கை தவறிடுச்சு. அதோட வேலையும் போச்சு. அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்து தொழிற்சாலையில சேர்ந்தேன்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். "இன்னும் இருக்கா மிஸ், அந்தக் கருப்பு?"

அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்த மாதிரி எனக்குப் பட்டது. ஏன் இருக்கக் கூடாது? முதலாளி வீட்டில் முதலாளி படம் இருக்கிறது, அவர் கடிகாரம் இருக்கிறது. தேய்த்தவர் வைத்துவிட்டுப் போனது அந்த ஒரு சூடுதான்.

மறுநாளிலிருந்து தேவானி தமிழ் வகுப்புக்கு வரவில்லை. பள்ளிக்கு வருவாள். தமிழ், இந்தி, உருது என்று பிள்ளைகள் பிரியும் நேரத்தில், எந்த மொழிப் பாடமும் இல்லாத பிள்ளைகளோடு மாமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். நான் வகுப்பில் நின்று, "தேவானி சொன்னது உண்மை" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே போனதும் "மிஸ் பாவப்பட்டுச் சொல்றாங்க" என்று குமரேன் சொன்னதும் என் காதில் விழுந்தது. பிள்ளைகள் டீச்சர் சொன்னால் எழுதிக்கொள்ளும், பார்த்தால்தான் நம்பும். அந்தக் கம்பளத்தை அவர்கள் கண் முன்னால் தூக்கிக் காட்டாமல் வேறு வழியில்லை. அதுவும் அவள் கையால்.

தலைமையாசிரியரிடம் போனேன். மேஜையில் ஏற்கெனவே கடிதம் கிடந்தது. வேட்டைக் கொம்பு பற்றி.

"இன்னொரு தடவையா?" என்றார். டையின் முடிச்சு மேலே ஏறியது. ஒரு வாரம் அவர் அறை வாசலிலேயே நின்று நின்று கால் வீங்கிப் போய்த்தான் சம்மதம் வாங்கினேன். மேடம் பதில் எழுதினார். மூன்று நிபந்தனை. எல்லோருக்கும் ஷூ. சத்தம் கூடாது. எதையும் தொடக் கூடாது. தவறினால் எங்கள் பள்ளிக்கு அந்த வீட்டில் இனி இடமில்லை.

ஷூ வேட்டையை ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் யார் வீட்டில் என்ன காலணி இருக்கிறது என்று இன்றைக்கும் நான் சொல்லுவேன். கல்யாணத்துக்கு வாங்கின வெள்ளி நிற ஹீல்ஸ் ஒன்று. மாதா கோவிலுக்குப் போகிறவர்களின் ஞாயிற்றுக்கிழமை ஷூ இரண்டு ஜோடி. அடியில் முள்ளோடு ஒரு கால்பந்து பூட்ஸ். தலைமையாசிரியரின் மனைவி தன் பழுப்பு ஷூவைக் கொடுத்துவிட்டு, அவரிடம் சொல்ல வேண்டாம் என்றார். தேவானிக்கு அவள் அம்மாவே கொண்டுவந்தார், தொழிற்சாலை சூப்பர்வைசரின் ஷூ. இரண்டு அளவு பெரிசு. உள்ளே வெட்டுப்பட்ட கம்பளி நூலைத் திணித்துச் சரிக்கட்டினார். அவளுக்கு வர மனமில்லை. "ஒரே ஒரு தடவை வா" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி அவள் பார்த்ததில்லை, அதற்காகவே வந்திருப்பாள்.

அடுத்து ஒழுங்கு. எப்படிச் சொல்வது? அருங்காட்சியகம் என்ற சொல் அவர்கள் வாயில் நுழையவில்லை, அப்படி நுழைந்தாலும் அதில் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்களிடம் இருக்கிற தமிழை வைத்துத்தானே சொல்ல வேண்டும்? "அது கோவில் மாதிரி" என்றேன். "கோவில்ல கத்துவீங்களா? சாமி நகையைத் தொடுவீங்களா? முண்டியடிப்பீங்களா?" இரண்டு வாரம் தினமும் இதையே சொன்னேன். "முதலாளி வீடு எது மாதிரி?" என்று கேட்டால், "கோவில் மாதிரி மிஸ்!" என்று முப்பத்தியொரு குரல் கேட்கும். நான் மனசுக்குள் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. பேருந்திலிருந்து முப்பத்திரண்டு ஜோடி ஷூ வரிசையாக இறங்கியது. காவலாளி ஒவ்வொரு காலாகப் பார்த்தார். வெள்ளி ஹீல்ஸைப் பார்த்துப் புருவம் உயர்ந்தது, ஆனால் ஷூ ஷூதானே. "சரி" என்றார். என்னை உள்ளே வாசல் மேஜைக்கு அழைத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நல்ல பிள்ளைகள் என்று நினைத்தேன். பிறகுதான் இந்தப் பிள்ளைகளிடமிருந்து சத்தமே இல்லாமல் போவதாவது என்று சந்தேகம் வந்து திரும்பினேன்.

வாசல் படியில் முப்பத்திரண்டு ஜோடி ஷூவும் அழகாக வரிசை கட்டி நின்றன. பிள்ளைகள் வெறுங்காலோடு, கைகூப்பி, ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். குமரேன் ஒரு படி மேலே போய், தோட்டத்துக் குழாயில் கால் கழுவிவிட்டு வந்திருந்தான். வாசலிலிருந்து கூடம் வரைக்கும், முகம் பார்க்கிற அந்தத் தரையில், அவன் ஈரக் கால் பதிந்துகொண்டே போயிருந்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோவில் மாதிரி என்று இரண்டு வாரம் உருப்போட வைத்தவள் நானே. வேறென்ன செய்வார்கள்? காவலாளி பேயறைந்த மாதிரி நின்றார்.

"ஷூ போடச் சொல்லுங்க! உடனே! மேடம் வந்தா என் கதை முடிஞ்சது!"

இந்த இடத்தில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்கிறேன். போடச் சொல்வதுதான் ஒழுங்கு. நிபந்தனை, கடிதம், தலைமையாசிரியர் டை, எல்லாம் கண் முன்னால் வந்தன. வாயைத் திறந்தும் விட்டேன். அப்போது பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லாம் கறுத்த சின்னச் சின்னக் கால்கள். அதில் தேவானியுடையது எது என்று தேட வேண்டியிருந்தது. யாருக்குச் சொந்த ஷூ, யாருக்கு இரவல், யாருக்கு ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கே தெரியவில்லை. இதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. குனிந்து என் ஷூவின் வாரை அவிழ்த்தேன்.

"இது எங்க வழக்கம்" என்றேன் காவலாளியிடம். "மரியாதையான இடத்துல நாங்க காலணி போட மாட்டோம்."

அவர் முட்டாள் இல்லை. "அப்போ போன தடவை?" என்றார்.

"போன தடவை மரியாதை இல்லாம வந்துட்டோம். மன்னிச்சுக்கோங்க."

அவர் மேடத்தைத் தேடி ஓடினார். அந்த நேரம் பார்த்து ஓட்டல் பேருந்து ஒன்று வந்து நின்றது. இருபது சுற்றுலாப் பயணிகள், கடல் வெயிலில் சிவந்த முகங்கள். படியில் காலணி வரிசையைப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு பெரியவர் முதலில் குனிந்தார். பின்னாலேயே மற்றவர்களும். பக்கத்தில் என்னைத் தாண்டிப் போன ஒரு அம்மாள், காலுறையோடு, எனக்குக் கைகூப்பி வணக்கம் வேறு போட்டார்.

உள்ளே போனால் பக்தி முற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் தங்கச் சட்டம் போட்ட பெரிய படத்தில் மீசை வைத்த முதலாளி. இரண்டு பெண் பிள்ளைகள் அதன் முன்னால் கண்ணை மூடி நின்றார்கள்.

"இது சாமி இல்லம்மா" என்றேன்.

"பின்ன ஏன் மிஸ் இவ்வளவு பெரிய படம்?"

இரண்டு பேரையும் படத்தின் முன்னாலிருந்து நகர்த்தினேன். சாப்பாட்டு அறையில் குமரேன் மேஜையை வலம் வந்துகொண்டிருந்தான். அவன் பின்னால் பாதி வகுப்பு. அதற்குப் பின்னால், இது இந்த வீட்டு முறை என்று நினைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றுலாப் பயணிகள். மூன்றாம் சுற்றில்தான் மேடம் வந்து சேர்ந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு அழகான வழக்கத்தை எந்த அருங்காட்சியகத்திலும் பார்த்ததில்லை என்று பாராட்டினார். மேடம் முகத்தில் புன்னகை வந்து பாதியில் நின்றது. ஏனென்றால் அதற்குள் அவர் தரையைப் பார்த்துவிட்டார். மெழுகின் மேல் ஈரம், காய்ந்து காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஒவ்வொரு திட்டும் குமரேன் கால் அளவு.

"யார் செய்தது?" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பள்ளிக்கு இனி இடமில்லை என்ற வரி அவர் உதட்டு நுனிக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. குமரேன் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான்.

தேவானி முன்னால் வந்தாள்.

"துணி குடுங்க மேடம். ஈரத்தை ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. அப்புறம் ப்ரோஸ் கோகோ வேணும்."

காய்ந்த தேங்காயை மட்டையோடு குறுக்கே பாதியாக வெட்டினால் அதுதான் ப்ரோஸ் கோகோ. ஒரு காலை அதன் மேல் வைத்து, இடுப்பை ஆட்டி ஆட்டித் தரையைத் தேய்ப்பார்கள். உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெரிய வீட்டில் அன்றைக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அது கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், தொடாதீர்கள் என்ற அட்டையோடு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்து ஏற்கெனவே குழம்பிப் போயிருந்தார்கள். "எங்க வீட்டுல கதவுக்குப் பின்னால கிடக்கு மிஸ். இது என்ன தப்பு பண்ணுச்சு, அடைச்சு வச்சிருக்காங்க?" என்று ஒருத்தி என்னைக் கேட்டிருந்தாள்.

மேடம் தேவானியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் மேல் தரைதான். சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

தேவானி ஈரத்தை ஒத்தி எடுத்தாள். பிறகு தேங்காயின் மேல் வலது காலை வைத்தாள். வகுப்பில் எழுந்து நிற்கவே கூச்சப்படுகிற பெண், ஆடிக்கொண்டே கூடத்தைக் கடந்தாள். சரக், சரக் என்று சத்தம். பின்னால் தரை மின்னிக்கொண்டே வந்தது. ஓட்டுநர் வாசலில் நின்று கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார். சுற்றுலாப் பயணிகள் கேமராவைத் தூக்கினார்கள். திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. குமரேனின் காலடி சாப்பாட்டு மேஜை வரைக்கும் போயிருந்ததால் அவளும் மேஜை வரைக்கும் போனாள். அங்கே கம்பளத்தின் ஓரத்தில் நின்றாள்.

"மேடம், இதைத் தூக்கலாமா? அடியிலயும் ஈரம் போயிருக்கும்."

மேடம் "வேண்டாம்!" என்றார், கொஞ்சம் அவசரமாகவே. பிறகு அத்தனை பேர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

தேவானி கம்பளத்தின் ஓரத்தை மடித்தாள். இஸ்திரிப் பெட்டி. கூர்மூக்கு, அகன்ற பின்புறம், வரைந்து வைத்த மாதிரி.

மேடம் அவள் பக்கத்தில் குனிந்து, "கம்பளத்தை எடுக்கவே விடுவதில்லை நான். உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்க அம்மா பண்ணினது" என்றாள் தேவானி.

குமரேன் என் சேலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். முட்டி போட்டு உட்கார்ந்தான். விரலை வைத்து அந்தக் கருப்பைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்த்தான். தொடக் கூடாது என்ற நிபந்தனை அப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. "நிஜமாவே இஸ்திரிப் பெட்டி" என்றான். அவனிடமிருந்து அவ்வளவு மெல்லிய குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

எல்லோர் முன்னாலும் அவளைக் குறை சொன்னவள் நான், எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். "தேவானி, அன்னிக்கு உன்னை நம்பாதது என் தப்பு" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமே இல்லை.

"போன தடவை நீங்க இது மேலதான் மிஸ் நின்னுக்கிட்டிருந்தீங்க. ஜன்னல் வழியா பார்த்தேன்."

நாற்பது ஆண்டு ஆகப் போகிறது. வேலையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இதுதான்: வாசலில் யாரையாவது நிறுத்திவிட்டு உள்ளே போகிற நாளில், நீங்கள் எதன் மேல் நிற்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்று எல்லோரும் உள்ளே, இல்லையா, நீங்களும் வெராந்தாவில் உட்கார்ந்து பிஸ்கெட் சாப்பிடுங்கள்.

தலைமையாசிரியருக்கு அப்புறமும் ஒரு கடிதம் வந்தது. டையைப் பிடித்துக்கொண்டே பிரித்தார். எங்கள் பள்ளி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எழுதியிருந்தது. வாசலில் காலணியைக் கழற்றி வைக்கச் சொல்லி ஒரு பலகையும் வந்துவிட்டது, எல்லோருக்கும், மேடத்துக்கும் சேர்த்து. ஹீல்ஸ் படாத தரைக்கு மெழுகு பாதிதான் ஆகிறதாம்.

அன்று புறப்படும்போது ஷூ கலந்துபோய் அரை மணி நேரம் ரகளை. தலைமையாசிரியர் மனைவியின் பழுப்பு ஷூவில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு சுற்றுலாப் பயணி அதைப் போட்டுக்கொண்டு கடல் தாண்டிப் போயிருக்க வேண்டும். தலைமையாசிரியர் வீட்டில் நான் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் காபி குடிக்கிறேன்.

பேருந்து கிளம்பியது. தேவானி சூப்பர்வைசரின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் குமரேன் எழுந்து அவள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாடியில என்ன இருக்கு?" என்று கேட்டான். மாடிக்கு எங்களை இரண்டு தடவையும் விடவில்லை அல்லவா.

தேவானி பேருந்து முழுவதையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஓட்டுநர் ரேடியோவைக் குறைத்தார்.

"ஒரு குளிக்கிற தொட்டி இருக்கு" என்றாள். "சிங்கத்துக்குக் கால் இருக்கிற மாதிரி அதுக்கும் கால் இருக்கு."

"அப்புறம்?"

"அதுல முதலாளி பால்ல குளிப்பாரு. ஒரு கிளி இருக்கு, அது முதுகு தேய்ச்சுவிடும்."

நான் என் டீச்சர் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பாம்பூ வந்து சேரும் வரைக்கும் அந்த மாடியில் இன்னும் நாலு அறை, ஒரு குதிரை, தானாக ஆடுகிற ஊஞ்சல் எல்லாம் சேர்ந்துகொண்டன. முப்பத்தியொரு பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட "மாந்தேர்" என்று சொல்லவில்லை.